தில்லைநாயகி பிள்ளைகளைத் திரட்டிய புதன்கிழமை

அந்த வீட்டில் மருந்துப் போத்தல்கள் எல்லாம் அலுமாரியின் உச்சித் தட்டுக்கு ஏறிவிட்டன. ஜன்னலுக்குக் குறுக்குக் கம்பி வந்துவிட்டது. கத்திகள் இருந்த இழுப்பறைக்குப் பூட்டுப் போட்டாயிற்று. சுவரில் இருந்த மின்துளைகளுக்கெல்லாம் வெள்ளை மூடி. சுவாமிப் படத்துக்கு முன்னால் எரிந்த எண்ணெய் விளக்கை எடுத்துவிட்டு, சின்ன மின்குமிழ் ஒன்றைத் தில்லைநாயகி கொண்டுவந்து வைத்தபோதுதான் அவருடைய கணவர் வாமதேவன் வாய் திறந்தார்.

“இஞ்சேரும், பிள்ளையாரும் கையைச் சுட்டுப்போடுவார் எண்டு பயமோ?”

“பகிடி விடாதேங்கோ. அந்த மனுசி வந்து பாக்கேக்கை ஒரு குறையும் இருக்கக்கூடாது.”

அந்த மனுசி என்றது நகரத்தின் குழந்தை நலத் தாதியை. பாரிஸில் பிறருடைய கைக்குழந்தைகளைச் சம்பளத்துக்குத் தன் வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு அனுமதி வேண்டும். அங்கே லா ஷப்பல் பகுதியில் வாழும் தமிழர்கள் அதைப் பிரெஞ்சுச் சொல்லிலேயே ‘அக்ரேமோ’ என்பார்கள். அதைத் தருவதற்கு முன் ஒரு தாதி வீட்டுக்கு வந்து வீட்டையும் பார்ப்பார், ஆளையும் பார்ப்பார். தில்லைநாயகி வசந்த காலத்தில் விண்ணப்பித்தார். ஜூன் மாதத்துப் புதன்கிழமை ஒன்றின் பிற்பகலுக்கு நாள் குறித்திருந்தார்கள்.

அவர் மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோவுக்குப் பக்கத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிறார். இரண்டு அறை. இருபது வருடத்துக்கு மேலாக அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலை. கோட் போட்டவர்கள் வந்து நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் அந்த நாற்காலியைத் துடைத்துவிட்டு வெளியேறிவிட வேண்டும். வலது தோள் தேய்ந்துபோயிற்று. இனித் தூசி உறிஞ்சும் இயந்திரத்தைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலை மாறியே ஆகவேண்டும்.

ஆனால் தோள் மட்டும் காரணமென்றால் ஒரு கடையில் காசாளராக இருந்திருக்கலாம். கேட்டும் இருந்தார்கள். குழந்தை பார்க்கும் வேலைதான் வேண்டும் என்று அவர் பிடித்த பிடிக்கு வேறு காரணம் உண்டு.

வாமதேவன் கார் து லெஸ்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல்காரர். மகள் டிலானி பிறந்தபோது அவர் நடுநிசி தாண்டி வீடு திரும்புவார். தில்லைநாயகி விடிவதற்கு முன் கிளம்புவார். குழந்தை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறும்போதுதான் கணவனும் மனைவியும் முகம் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்தபோதெல்லாம் ‘பிறகு’ என்றார்கள். குடியுரிமை கிடைத்த பிறகு. பெரிய வீடு கிடைத்த பிறகு. வாமதேவனுக்குப் பகல் வேலை கிடைத்த பிறகு. ஒவ்வொரு பிறகும் நியாயமானது. நியாயமான காரணங்கள் வரிசையாக நின்றால், வாழ்க்கையும் அந்த வரிசையின் கடைசியில் போய் நின்றுகொள்ளும். குடியுரிமை கிடைத்தபோது தில்லைநாயகிக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

அவருடைய தங்கை தாட்சாயினி அமெரிக்காவுக்கு, நியூஜெர்சிக்கு, கலியாணம் செய்துகொண்டு போனவர். நான்கு பிள்ளைகள்; இப்போது தன் வீட்டிலேயே அயலவர் பிள்ளைகளையும் பார்க்கிறார். ஞாயிறுதோறும் இருவரும் போனில் முகம் பார்த்துச் சண்டை பிடிப்பார்கள்.

“அக்கா, நீங்கள் ஐரோப்பாவிலை கணக்குப் பாத்து முடிச்சுத்தான் பெறுறீங்கள். நாங்கள் பெத்துப்போட்டுக் கணக்குப் பாக்கிறம்.”

“உனக்கென்ன? மாமி இருக்கிறா, அதே தெருவிலை மச்சாள்மார் இருக்கினம். இஞ்சை எனக்கு ஆர்?”

“உனக்கு அரசாங்கம் இருக்கு. லீவு தருது, டொக்டர் தருது, மூண்டு வயசிலை பள்ளிக்கூடமும் தருது. எனக்கு ஆர் என்ன தந்தவை? மூத்தவளைப் பெத்து ஆறு கிழமையிலை வேலைக்குப் போனனான். கார் நிப்பாட்டுற இடத்திலை இருந்து அழுதிருக்கிறன்.”

“அப்பிடி அழுதும் நாலு பெத்தனி!”

“ஓம். அழ நேரம் கிடைச்சுது. யோசிக்கத்தான் நேரம் கிடைக்கேல்லை.”

பின்னால் சோபாவில் படுத்திருந்த டிலானி தலையைத் தூக்காமல் பிரெஞ்சில் சொன்னாள்: “பிள்ளைகள் என்ன, ஓட்டப் போட்டியில் கொடுக்கிற கோப்பையா? பெற விரும்பாதவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள்.”

“உவள் என்ன சொல்லுறாள்?” என்றார் தாட்சாயினி.

“பசிக்குதாம்,” என்றார் தில்லைநாயகி.

ஒரே தாயின் இரண்டு பெண்கள். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். ஒருத்திக்கு ஒன்று, இன்னொருத்திக்கு நான்கு. ஐரோப்பாவில் பிறப்பு குறைகிறது, அமெரிக்காவில் அவ்வளவு குறையவில்லை என்று செய்தியில் சொல்லும்போது, அது ஏதோ இரண்டு இனங்களைப் பற்றிய பேச்சுப்போல ஒலிக்கும். இந்த இரண்டு பெண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தப் பேச்சு எடுபடாது. உதவி கிடைத்தால் பிள்ளை பிறக்கும் என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. அதிகம் உதவுகிற பிரான்ஸில் இத்தாலியைவிடப் பிள்ளைகள் கூடத்தான் பிறக்கிறார்கள், ஆனால் இங்கும் அந்த எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போகிறது. அதிகம் உதவாத அமெரிக்கா பல ஐரோப்பிய நாடுகளைவிட முன்னால் நிற்கிறது, அங்கும் இறங்குகிறது. உதவி வரும் என்று வாக்குக் கிடைத்தவர் அது வரும்வரை காத்திருக்கிறார். வாக்கே கிடைக்காதவர் எதற்குக் காத்திருப்பது? தாட்சாயினி சொன்னதில் இவ்வளவு உண்மை இருக்கலாம். ஆனால் தன் மாமியாரையும் மச்சாள்மாரையும் கணக்கில் சேர்க்காமல் அவர் அதைச் சொன்னார். அதனால் அது பாதி உண்மை.

மீதிப் பாதி நான்காம் மாடியில் இருந்தது.

அங்கே குடியிருந்தவள் சுஷ்மிதா. திருச்சிக்காரி, கணினி வேலை. கணவன் ஹரிஹரசுதனும் அதே துறை. ஏப்ரலில் ஒரு நாள் அவள் அரிசிப் பையோடு படியேறுவதைத் தில்லைநாயகி பார்த்தார். வயிறு லேசாகத் தெரிந்தது.

“விடுங்கோ பிள்ளை, விடுங்கோ!”

“பரவாயில்ல ஆன்ட்டி, நானே தூக்கிக்கிறேன்.”

“முதல்லை ஆன்ட்டி எண்டிறதை விடுங்கோ. பிறகு பையையும் விடுங்கோ.”

இரண்டையும் அவள் விடவில்லை. பையின் காதை ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். மேலே போய்த் தண்ணீர் குடித்து மூச்சு வாங்கியபோதுதான் பேச்சு அமெரிக்காவுக்கு வந்தது. ஹரிஹரசுதனை டல்லாஸுக்கு மாற்றுவதாக அலுவலகம் கேட்டிருந்தது. கோடை முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

“எங்க பெரியப்பா பொண்ணு அங்கதான் இருக்கா. ரெண்டு குழந்தை. டே கேருக்கே சம்பளம் போயிடுதுன்னு புலம்புறா. ஆனா ஊர்லேர்ந்து ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வந்து தங்கிட்டுப் போறாங்க. படுக்க ரூம் இருக்கு. இங்க எங்கம்மா வந்தா கிச்சன்லதான் பாய் போடணும்.”

“அப்ப போகப்போறீங்களோ?”

“எனக்கு இங்கதான் பிடிச்சிருக்கு. லீவு, டாக்டர், எல்லாமே நல்லாத்தான் பாத்துக்கிறாங்க. ஆனா லீவு முடியிற அன்னிக்குக் காலைல குழந்தைய யார் கையில குடுக்கிறது? க்ரெஷ்ல, அந்தக் குழந்தைக் காப்பகத்துல, இடம் கிடைக்கும்னு யாரும் அடிச்சுச் சொல்ல மாட்டேங்கறாங்க. அந்த ஒரு காலைக்குத்தான் எங்ககிட்ட பதில் இல்ல.”

“என்ரை கையிலை தாங்கோ,” என்றார் தில்லைநாயகி.

சொன்ன பிறகுதான் அனுமதி இன்னும் கிடைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அதையும் சொன்னார். சுஷ்மிதா தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள். பிறகு, “கிடைச்சா நாங்க போகல ஆன்ட்டி. அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்,” என்றாள்.

அன்றிலிருந்து தில்லைநாயகியின் நடை மாறிவிட்டது. படியை இரண்டிரண்டாக ஏறினார். கம்பியும் பூட்டும் மூடியும் வந்தது அந்த வேகத்தில்தான்.

வருகைக்கு முந்திய ஞாயிறு, தாட்சாயினி போனில் வீட்டை ஒரு சுற்றுக் காட்டச் சொன்னார். தில்லைநாயகி காட்டினார். எல்லாம் மின்னியது.

“அக்கா, இது என்ன ஆசுப்பத்திரியோ?”

“ஏன், துப்புரவா இருக்கோணும் தானே?”

“துப்புரவு காணாது. வீடு நிறைஞ்சிருக்கோணும். என்னட்டைப் பிள்ளை விட வாற தாய்மார் என்ன பாக்கினம் எண்டு நினைக்கிறாய்? இஞ்சை ஏற்கெனவே நாலு பிள்ளையள் விழுந்து பிரண்டு விளையாடுதோ எண்டுதான் பாக்கினம். பாத்த உடனை செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வருவினம். வெறும் வீட்டைக் கண்டால் அப்பிடியே திரும்பிப் போயிடுவினம்.”

தில்லைநாயகிக்கு இதில் சந்தேகமே தோன்றவில்லை. நம்மவர்கள் பெண் பார்க்கப் போனாலும் வீடு பார்க்கப் போனாலும் முதலில் பார்ப்பது அங்கே ஆள் புழக்கம் இருக்கிறதா என்றுதான். ஆளில்லாத வீட்டைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கேள்வி இருக்கும்: இவர்களிடம் ஏன் ஒருவரும் வருவதில்லை?

புதன்கிழமை பிற்பகலில் பள்ளி இல்லை. ஆள் சேர்ப்பது சுலபமாக இருந்தது. புடவைக் கடைக்காரரின் இரட்டைப் பெண்கள், காய்கறிக் கடைக்காரரின் மகள் லதுஷா, இரண்டாம் மாடியின் இரு பிள்ளைகள். கீழ்மாடியில் இருந்த அஜந்தா, நடக்கப் பழகிக்கொண்டிருந்த தன் மகன் ஐங்கரனையே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். அவன் வந்த வேகத்தில் படுக்கையறையில் தூங்கிப்போனான்.

மதியத்துக்கும் இரவுக்கும் இடையில் உணவகம் மூடியிருக்கும் நேரத்தில் வாமதேவன் வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

“நாயகி, இது எங்கட வீடுதானே?”

“அந்த மனுசி இப்ப வந்திடும். உளுந்து அரைச்சு வைச்சிருக்கிறன். வடையைச் சுடுங்கோ.”

“இதெல்லாம் ஆற்றை பிள்ளையள்?”

“இண்டைக்கு எங்கட பிள்ளையள். போங்கோ, எண்ணெயை வையுங்கோ!”

டிலானி பல்கலைக்கழக வகுப்புக்குப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

வந்த தாதியின் பெயர் மரி-லூயிஸ். பெயரைக் கேட்டபோதே பாண்டிச்சேரி ஆளாகத்தான் இருக்கும் என்று வாமதேவன் தீர்ப்புச் சொல்லியிருந்தார். கதவில் நின்ற கறுத்த, உயரமான பெண்ணைக் கண்டதும் தில்லைநாயகிக்கு அது உறுதியாயிற்று. “வணக்கம், வாங்கோ வாங்கோ!” என்றார். வந்தவர் சிரித்து, பிரெஞ்சில், தான் கரீபியன் கடலின் மார்த்தினிக் தீவைச் சேர்ந்தவள் என்றார். இது தனக்குப் பலமுறை நடந்திருக்கிறது என்றும் சொன்னார்.

அந்தச் சிரிப்பு கூடத்துக்குள் வரும்வரைதான் இருந்தது. இரட்டைப் பெண்கள் சோபாவிலிருந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ எதற்கோ கத்தினார்கள். சமையலறையிலிருந்து எண்ணெய் வாசம் வந்தது. மரி-லூயிஸ் பையைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டார்.

“இந்தப் பிள்ளைகள் யார், மதாம்?”

இருபது வருடமாக ஆளில்லாத அலுவலகங்களில் வேலை செய்தவருக்குப் பிரெஞ்சு பேச யார் கிடைத்தார்கள்? தெரிந்ததை அள்ளி வைத்தார். “என்னுடைய பிள்ளைகள் மாதிரி. எல்லாரும்.”

“எப்போதிலிருந்து பார்த்துக்கொள்கிறீர்கள்?”

“எப்போதும்! ஒவ்வொரு நாளும்! எல்லா அம்மாமாரும் என்னிடம்தான் விடுகிறார்கள்!”

மரி-லூயிஸ் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். பேனாவைத் திறந்தார். வடைத் தட்டோடு வெளியே வந்த வாமதேவன் அந்தப் பேனாவைப் பார்த்தார். பிரெஞ்சுக்காரர்களோடு அடுப்படியில் கத்திக் கத்தி வேலை செய்தவர். அவருக்கு மொழி நன்றாக ஓடும்.

“நாயகி, இப்ப என்ன சொன்னீரெண்டு விளங்குதோ உமக்கு?”

“நல்லாத்தானே சொன்னனான்?”

“அனுமதியில்லாமல் கனகாலமாய் க்ரெஷ் நடத்திறன் எண்டு சொல்லியிருக்கிறீர்.”

தில்லைநாயகியின் முகம் வெளிறிப்போயிற்று. வாமதேவன் தட்டை மேசையில் வைத்துவிட்டு, பிரெஞ்சில், இவர்கள் எல்லாரும் உறவுக்காரப் பிள்ளைகள், சம்பளத்துக்கு அல்ல, என்றார்.

“எல்லாரும் உறவா?”

“எல்லாரும். எங்களுடையது பெரிய குடும்பம், மதாம்.”

அப்போது லதுஷா எழுந்து வந்தாள். ஐந்து வயது. பாரிஸில் பிறந்த பிள்ளையின் சுத்தமான பிரெஞ்சு.

“இல்லை மதாம். நான் இந்த வீட்டுக்கு இன்றைக்குத்தான் முதன்முதலாக வருகிறேன். அழாமல் விளையாடினால் வடை தருவதாக இந்த மதாம் சொன்னார். இன்னும் தரவில்லை.”

லதுஷா விரலால் வடைத் தட்டைக் காட்டினாள். பிறகு மரி-லூயிஸின் தோள் குலுங்கியது. அவர் சிரிப்பை அடக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்து லதுஷாவிடம் கொடுத்தார். ஆனால் பேனாவை மூடவில்லை. வாமதேவன், “எண்ணெய் காயுது,” என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு உள்ளே மறைந்தார்.

“பிள்ளைகளை அவர்களுடைய அம்மாக்களிடம் அனுப்புங்கள்,” என்றார் மரி-லூயிஸ். “பிறகு நாம் பேசுவோம்.”

படியெல்லாம் சத்தமாகப் பிள்ளைகள் இறங்கிப் போனார்கள். கூடம் வெறுமையாயிற்று. தில்லைநாயகிக்கு உட்காரக்கூடத் தோன்றவில்லை. தன் வீட்டிலேயே வேலைக்கு வந்த ஆள்போலச் சுவரோடு நின்றார்.

“ஏன் அப்படிச் சொன்னீர்கள்?”

தில்லைநாயகி சொற்களைத் தேடிப் பொறுக்கிச் சொன்னார். “எங்கள் ஆட்கள், வெறும் வீட்டில் பிள்ளையை விடமாட்டார்கள். ஆட்கள் இருந்தால்தான் நம்பிக்கை.”

“நான் உங்கள் ஆட்களுக்கு அனுமதி தரப்போவதில்லை, மதாம். உங்கள் கணவருக்கும் இல்லை. இந்த வடைக்கும் இல்லை, அதன் வாசம் நன்றாக இருந்தாலும்கூட. ஒரே ஒருவருக்குத்தான். இந்த வீட்டில் ஒருவரும் இல்லாத செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஒரு குழந்தை வீறிட்டு அழும்போது நீங்கள் யார் என்று எனக்குத் தெரியவேண்டும்.”

தில்லைநாயகி சொன்னதும் சரி, மரி-லூயிஸ் சொன்னதும் சரி. ஒரு குழந்தையைச் சுற்றிப் பலர் இருந்தால் ஒருவர் கைவிட்டாலும் மற்றவர் பிடிப்பார் என்பது ஒரு பாதுகாப்பு. ஒருவரே இருந்து, அவர் யாரென்று தெரிந்து, அவரே பொறுப்பேற்பது இன்னொரு பாதுகாப்பு. தாட்சாயினி முதலாவதை நம்பி நான்கு பெற்றார். சுஷ்மிதா இரண்டாவதை நம்பி ஒன்றைப் பெற நினைத்தாள். தில்லைநாயகிக்கு இரண்டில் ஒன்றுமே கிடைக்கவில்லை.

மரி-லூயிஸ் உட்கார்ந்தார். “உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?”

“ஒன்று.”

“ஒன்றுதானா?”

இந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் சொல்கிற பதில் ஒன்று அவரிடம் தயாராக இருந்தது: ஒன்று போதும். அன்றைக்கு அது வாயில் வரவில்லை. ஏற்கெனவே ஒரு பொய் பிடிபட்டுவிட்டது. “இரண்டாவதைப் பெற, குழந்தையைப் பிடிக்க ஒரு ஆள் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வயது போய்விட்டது.” பிறகு, இலக்கணம் பிசகிய பிரெஞ்சில்: “மேல்மாடியில் ஒரு பெண் இப்போது காத்திருக்கிறாள். நான் அந்த ஆள் ஆகலாம்.”

மரி-லூயிஸ் ஆறுதல் சொல்லவில்லை. அடுத்த கேள்விக்குப் போனார். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள்?

“முதலில் உடுப்பைக் குறைப்பேன். காய்ச்சல் பார்ப்பேன். பிறகு…”

படுக்கையறையில் ஐங்கரன் விழித்து அழுதான். எல்லாப் பிள்ளைகளும் போன அமளியில் அவன் உள்ளே தூங்குவதைத் தில்லைநாயகி மறந்தே போயிருந்தார். தில்லைநாயகி வசனத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். கையைக் கழுவினார். உள்ளே போனார். அழுகை உடனே நிற்கவில்லை. கொஞ்ச நேரம் அழுதான், பிறகு விக்கினான். திரும்பி வந்தபோது அவன் இடுப்பில் இருந்தான். வலது தோள் வலிக்கும் என்பதால் இடது பக்கம்.

“…பிறகு தாய்க்கு போன் அடிப்பேன். தாய் எடுக்காவிட்டால் தகப்பனுக்கு. நானாக மருந்து கொடுக்கமாட்டேன்.”

கீழ்மாடியிலிருந்து அஜந்தா அவனை எடுக்க ஓடிவந்தாள். “அக்கா, அலுவல் பிழைச்சுப் போச்செண்டு சொல்லினம், மெய்யே?” என்று வாசலிலேயே கேட்டாள். தில்லைநாயகி பிள்ளையை அவள் கையில் கொடுத்தார்.

“இப்பதான் எழும்பினவன். தண்ணி குடுத்தனான், துப்பிப்போட்டான். இடது காதைப் பிடிச்சுப் பிடிச்சு இழுக்கிறான். இரவு நித்திரை கொண்டவனோ?”

“இல்லை, சிணுங்கிக்கொண்டே இருந்தவன்.”

“அப்ப நாளைக்கு டொக்டரிட்டைக் காட்டும். சும்மா விடாதேயும்.”

மரி-லூயிஸுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எதையோ எழுதினார். போகும்போது சமையலறை ஜன்னலின் கைப்பிடியை மாற்றச் சொன்னார். “மறுபடி வருவேன். அப்போது ஒருவரும் வேண்டாம்.”

செய்தி அன்று மாலைக்குள் பஜோல் தெருவரை போய்விட்டது. தில்லைநாயகி தாதிக்கு வடை கொடுத்துப் பார்த்தார், பலிக்கவில்லை என்றார்கள் சிலர். வகுப்பு முடிந்து வந்த டிலானி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சோபாவில் விழுந்து சிரித்தாள். பிறகு, வழக்கத்துக்கு மாறாக, தமிழில் சொன்னாள்: “அம்மா, அடுத்த முறை நான் சொல்லித் தாறன்.” இரண்டு கிழமை அம்மாவுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தாள். இரண்டு பேரும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார்.

இரண்டாவது வருகை ஜூலையில் நடந்தது. வாமதேவனை வீட்டிலிருந்தே துரத்திவிட்டிருந்தார்கள். வடை இல்லை, பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. கேட்டார்கள், சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார்.

அதன் பிறகுதான் உண்மையான அவஸ்தை. சுஷ்மிதா படியில் பார்க்கும்போதெல்லாம் கண்ணால் கேட்பாள், இவர் இல்லை என்று தலையை ஆட்டுவார். ஆகஸ்ட் ஓடியது. ஹரிஹரசுதன் அலுவலகத்தில் இரண்டு முறை தவணை கேட்டுவிட்டான். லா ஷப்பலில் பிள்ளையார் தேர் வரும் தெருக்களில் உடைப்பதற்குத் தேங்காய்களைக் குவிக்கத் தொடங்கிய கிழமையில் பதில் வந்தது. டிலானிதான் திறந்து வாசித்தாள். வாசித்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

“சொல்லடி!”

“ஓம் எண்டிருக்கு. ஒரு பிள்ளைக்கு.”

தில்லைநாயகி கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு வெறுங்காலோடு மேலே ஓடினார். நான்காம் மாடியின் மணியை அடித்தார். கதவு திறக்கும்வரை பொறுமை இல்லை, கையாலும் தட்டினார். கதவைத் திறந்த சுஷ்மிதா முகத்தைப் பார்த்தே கத்திவிட்டாள். நிறைமாத வயிறு இடையில் நிற்க, இரண்டு பேரும் கட்டிப்பிடிக்க வழி தெரியாமல் கைகளைப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். பின்னால் ஓடிவந்த டிலானி, “குதிக்க வேண்டாம், குதிக்க வேண்டாம்!” என்று பிரெஞ்சில் அலறினாள். ஹரிஹரசுதன் உள்ளேயிருந்து பல் துலக்கும் தூரிகையோடு வந்து, என்ன நடந்தது என்று தெரியாமலே சிரித்தான்.

அன்றே டல்லாஸுக்கு இல்லை என்று எழுதிவிட்டான்.

“ஒரு பிள்ளைக்கோ!” என்றார் தாட்சாயினி போனில். “இவ்வளவு ஆரவாரமும் ஒரு பிள்ளைக்கோ?”

“ஓம், ஒண்டுக்கு. உனக்கு ஆரும் ஓம் எண்டு எழுதித் தந்தவையோ?”

தாட்சாயினி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “இல்லை அக்கா. ஒருத்தரும் தரேல்லை.”

சுஷ்மிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தில்லைநாயகி பயிற்சிக்குப் போனார். வகுப்பில் அவர்தான் மூத்தவர். எழுதுவதற்கு மட்டும் திணறினார். குழந்தை பார்ப்பதில் தான் சரியென்று நினைத்திருந்த சிலவற்றை அங்கே விடவும் வேண்டியிருந்தது. பாலோடு பிஸ்கட் கரைத்துக் கொடுப்பது அதில் ஒன்று. விட்டார், முணுமுணுத்துக்கொண்டுதான்.

சுஷ்மிதாவின் லீவு முடிந்த முதல் காலை வாசலில் பெரிய கூத்து. குழந்தையைக் கொடுத்தாள், வாங்கினாள், மறுபடி கொடுத்தாள். பால் எப்போது, தூக்கம் எப்போது என்று ஏற்கெனவே சொன்னதையெல்லாம் இன்னொருமுறை சொன்னாள்.

“போங்கோ பிள்ளை, மெத்ரோ போயிடும்.”

“ஒரு நிமிஷம் ஆன்ட்டி.”

“நீங்கள் நிக்க நிக்க அவள் உங்களைத்தான் பாப்பாள். போங்கோ.”

போனாள். கதவு மூடியது. வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. குழந்தை உதட்டைப் பிதுக்கியது. தில்லைநாயகி அதோடு தரையில் உட்கார்ந்தார். இதை ஒரு சாதனை என்று சொல்வது மிகை. ஒரு பெண் ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாறினார், ஒரு குடும்பம் இடம் மாறாமல் இருந்தது, அவ்வளவுதான். கண்டங்களின் கணக்கில் இது தெரியாது. ஆனால் அந்தக் கணக்கெல்லாம் இப்படிப்பட்ட வாசல்களில்தான் நடக்கிறது என்பதை மறுக்க முடியவில்லை.

அடுத்த கோடையில், ஒரு மாலை, குழந்தையை எடுக்க வந்த சுஷ்மிதா உடனே போகவில்லை. குழந்தையின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றாள்.

“ஆன்ட்டி, இந்த பர்மிஷன் ஒரு குழந்தைக்கு மட்டும்தானா? ரெண்டுக்குக் கேட்டா குடுப்பாங்களா?”

“ஆருக்கு?”

“சும்மாதான் கேட்டேன்.”

“சும்மா ஆரும் இதைக் கேக்கமாட்டினம்!”

“ஐயோ, இன்னும் ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. நானும் அவரும் பேசிக்கிட்டிருக்கோம், அவ்வளவுதான். கத்தாதீங்க, டிலானிக்குக் கேக்கும்.”

கேட்டுவிட்டது. உள்ளேயிருந்து டிலானி பிரெஞ்சில் ஏதோ கூவினாள். சுஷ்மிதா சிவந்துபோய், குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியேறிவிட்டாள்.

அவள் மேல்மாடிக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்பதற்குள் தில்லைநாயகி நகரத்து அலுவலகத்துக்கு போன் அடித்துவிட்டார். காத்திருக்கச் சொல்லி இசை போட்டார்கள். சமையலறையில் நின்று, இன்னும் வாங்காத இரண்டாவது குழந்தைக் கட்டிலுக்கு எங்கே இடம் வைக்கலாம் என்று சுவரைப் பார்த்தபடி காத்திருந்தார். ஒரு குரல் வந்தது.

“போன்ஜூர், மதாம்,” என்றார் தில்லைநாயகி. மகள் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சில், மெதுவாக, ஒரு சொல்லும் பிசகாமல் கேட்டார்: “ஒன்று என்றிருப்பதை இரண்டாக மாற்ற நான் என்ன செய்யவேண்டும்?”